மூன்றாவது பெயர்

குழந்தைகள் அறுவைப் பிரிவில் அவளுக்குக் கடுகு என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. ஆள் குள்ளம், சூடு பட்டால் வெடிப்பாள், அவ்வளவுதான் காரணம். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு காதுபடவே சொன்னார்கள். கடைசியில் வார்டு நர்ஸ்கூட போனில், "கடுகு டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க, அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்லுமளவுக்கு அது நிலைத்துவிட்டது. அதற்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள அவளுக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

அதில் முதல் விஷயம், பேப்பர்.

அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராகச் சேர்ந்த எவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையாவது மருத்துவப் பத்திரிகையில் வெளியிடாமல் கடைசிப் பரீட்சை எழுத முடியாது. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். நோயாளியைப் பார்க்கிறவன் கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும், யோசித்ததை நாலு பேருக்குத் தெரியும்படி எழுதவும் வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். நடந்ததோ வேறு. விடிந்தால் வார்டு, பிறகு தியேட்டர், பிறகு வெளிநோயாளிகள் வரிசை, நடுவில் நின்றபடியே விழுங்கிய சாப்பாடு. யோசிக்க எவனுக்கு நேரம்? அதனால் பேப்பர் பிடிப்பது தனித் தொழிலாகிவிட்டது. ஓய்வறையில் ஸ்பிரிங் போன சோபாவில் உட்கார்ந்து, நிலத் தரகர்கள் மாதிரி பயிற்சி டாக்டர்கள் பேரம் பேசுவார்கள். "என் பேப்பர்ல உன் பேரைப் போடுறேன், உன்னோடதுல என் பேரைப் போட்டுடு." ஒரு குழந்தையின் மூக்கில் முளைத்த மருவைப் பற்றி வந்த கட்டுரையில் பத்துப் பேருக்கு மேல் எழுதியவர்களாக இருந்தார்கள்.

"மருவை விடப் பேரு நீளமா இருக்கேடா" என்றாள் கடுகு.

அறையே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டுரையில் இருந்தவர்கள்.

அவள் ஏன் இப்படி என்று தெரிய வேண்டுமானால் அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் தனியார் பஸ் ஓட்டியவர். பிரேக் சரியில்லை என்று முதலாளியிடம் பல தடவை சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஒருநாள் பஸ் இறக்கத்தில் நிற்காமல் போய் ஒரு பழக்கடைக்காரரின் காலை வாங்கிவிட்டது. 'பிரேக் நன்றாகத்தான் இருந்தது, தவறு என்னுடையது' என்று முதலாளி எழுதிக் கொடுத்ததில் அப்பா கையெழுத்துப் போட்டார். வேறு வேலை பார்த்துத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். தரவில்லை. அப்பா அதற்குப் பிறகு பல வருஷம் உயிரோடு இருந்தார், ஆனால் வீட்டில் எதற்கும் கருத்துச் சொல்லமாட்டார். "உங்க இஷ்டம்" என்பார், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகும் வயதில் கடுகுக்கு அந்த 'உங்க இஷ்ட'த்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்பா மேல் வந்த கோபமா, முதலாளி மேல் வந்த கோபமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது தெரியவில்லை.

எப்படியோ முட்டி மோதி டாக்டரானாள். வேறு ஊரில் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியாராக இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பயிற்சி முடிகிறவரை அவர் அங்கே, இவள் இங்கே. வாய்த்த ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய் வருவாள். பயிற்சி முடிந்ததும் அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்வதென்று பேச்சு. அவர் அதை நம்பிப் பெரிய வீடாகப் பார்த்து முன்கூட்டியே குடிபோய்விட்டார்.

இனி அந்தக் குழந்தைகள்.

அந்த நகரத்தில் சாக்கடை அடைப்பை எடுக்கும் திரவத்தைத் தள்ளுவண்டியில் விற்பார்கள். கம்பெனிச் சரக்கு இல்லை. பெரிய கேனில் கொண்டுவந்து, அவரவர் நீட்டும் காலி சோடா பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார்கள். பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிடும். வாயும் தொண்டையும் வெந்துபோகும். அது ஆறிவிடும். கொடுமை அதற்குப் பிறகுதான். உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் தண்ணீர்கூட இறங்காது. மயக்கம் கொடுத்து, வாய் வழியாக ரப்பர் குழாய்களை ஒன்றைவிட ஒன்று பெரிதாக உள்ளே விட்டு விரிக்க வேண்டும். சில வாரத்தில் மறுபடி சுருங்கும். மறுபடி விரிக்க வேண்டும்.

அந்த வேலை கடுகுக்கு வந்து சேர்ந்தது. நுணுக்கமான வேலை. கொஞ்சம் அழுத்தினால் உணவுக்குழாய் கிழிந்து குழந்தை போய்விடும். சின்னக் கை வேண்டும், பொறுமையும் வேண்டும். மனிதர்களிடம் துளிகூடக் காட்டாத பொறுமை அவளுக்கு அந்த ரப்பர் குழாயைப் பிடித்ததும் எங்கிருந்தோ வந்துவிடும்.

அப்படி வந்த பிள்ளைகளில் ஒருத்தி கிளி. சலவை ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் ஒரே மகள். ஓயாமல் பேசுவதால் வார்டில் அந்தப் பெயர். எச்சிலைக்கூட விழுங்க முடியாத நாட்களில் கையில் ஒரு சின்னத் துண்டோடு உட்கார்ந்து, துடைத்துத் துடைத்துப் பேசுவாள்.

"டாக்டர், இன்னைக்குப் பெரிய குழாயா சின்னக் குழாயா?"

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா சின்னது."

"வாயை மூடினா எப்படி டாக்டர் குழாயை விடுவீங்க?"

கடுகைப் பேசி மடக்கிய ஒரே ஆள் அந்த ஆஸ்பத்திரியில் அவள்தான்.

பிரிவின் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். குரல் உயர்த்தாத மனிதர். யாரையும் "வாம்மா", "சொல்லுப்பா" என்றுதான் பேசுவார். அவருக்குச் செல்லமான மருந்து ஒன்று இருந்தது. திரவம் குடித்த பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே அதைக் கொடுத்தால் உணவுக்குழாய் சுருங்காது என்று வகுப்புக்கு வகுப்பு சொல்வார். பக்கத்து யூனிட்டில் அதை நம்பவில்லை, கொடுக்கவுமில்லை. விரித்துவிட எல்லாப் பிள்ளைகளும் கடைசியில் கடுகிடம்தான் வந்தார்கள். கொஞ்ச காலத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மருந்து வாங்கிய பிள்ளைக்கும் வாங்காத பிள்ளைக்கும் உள்ளே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வாங்கிய பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் அதிகம், அதுதான் மிச்சம்.

பேப்பருக்கு விஷயம் கிடைத்தது என்று அவள் துள்ளவில்லை. முதலில் பயந்தாள். பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். பழைய கேஸ் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்தாள். வராமல் நின்றுபோன பிள்ளைகளின் வீடுகளுக்கு போன் போட்டு, என்ன சாப்பிடுகிறான், தண்ணீர் இறங்குகிறதா, சோறு இறங்குகிறதா என்று கேட்டாள். எண் மாறிப்போன வீடுகளுக்கு நேரிலேயே போனாள். ஒன்றரை வருஷ உழைப்பு. எழுதி முடித்து, 'இந்த மருந்தால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை' என்ற முடிவோடு பெரிய டாக்டர் மேஜையில் வைத்தாள்.

அவர் புரட்டிப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"நல்லா உழைச்சிருக்கம்மா. வச்சிட்டுப் போ. கொஞ்சம் மெருகேத்தி அனுப்பிடலாம்."

மாதங்கள் போயின. கேட்கும்போதெல்லாம், "பாத்துக்கிட்டிருக்கேன்மா" என்றார். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நேரம் நெருங்கியபோது ஒரு காலையில் அவரே கூப்பிட்டு, "வாழ்த்துகள், உன் பேப்பர் வந்தாச்சு" என்று கைகொடுத்தார்.

முதல் பெயர் அவருடைய மகனுடையது. இரண்டாவது அவருடையது. மூன்றாவது அவளுடையது.

மகனைச் சின்னவர் என்பார்கள். வேறோர் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர். பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். இந்த வார்டுப் பக்கம் அவரைக் கடுகு பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் அப்பாவிடம் கார் சாவி வாங்க வந்தபோது.

ஓய்வறைக்கு வந்து நெட்டையிடம் கொட்டினாள். நெட்டை அவளோடு ஒரே நாளில் சேர்ந்தவன், நல்லவன், யாரையும் பகைத்துக்கொள்ளாதவன்.

"எல்லா இடத்துலயும் இதுதானே நடக்குது" என்றான் அவன். "பேரு வந்துச்சா? வந்துச்சு. பரீட்சை எழுதலாமா? எழுதலாம். மூணாவதா இருந்தா என்ன, முப்பதாவதா இருந்தா என்ன? விடு."

வீட்டுக்காரருக்கு போன் செய்தாள். அவரும் அதையேதான் சொன்னார், சந்தோஷமாக. அவளும் சரி என்று கோபத்தை மென்று விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் விழுங்கிய கோபங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று. மறுநாள் மத்தியானம்வரை உள்ளே தங்கியது.

மறுநாள் கேன்டீனில் உட்கார்ந்துதான் கட்டுரையை முழுதாகப் படித்தாள். படிக்கப் படிக்க டீ ஆறிப்போனது. முடிவு தலைகீழாக இருந்தது. 'இந்த மருந்து நல்ல பலன் தருகிறது.' அவள் கொடுத்த கணக்கில் விழுங்க முடியாமல் இருந்த பிள்ளைகள் இங்கே கும்பலாகக் குணமாகியிருந்தார்கள். நடுவில் இரண்டு எக்ஸ்ரே படங்கள், உணவுக்குழாய் படத்தில் தெரிய வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எடுத்தவை. சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின். முதல் படத்தைப் பார்த்ததும் தெரிந்தது, கிளி. கைக்குழந்தையாக இருந்தபோது கட்டிலிலிருந்து விழுந்து தோளருகே காறை எலும்பு முறிந்து, கூடிய இடத்தில் முடிச்சுப்போல ஒரு புடைப்பு அவளுக்கு உண்டு. படத்தில் அது அப்படியே இருந்தது. இரண்டாவது படத்தில் உணவுக்குழாய் அகலமாக, அழகாக இறங்கியது. காறை எலும்பில் புடைப்பே இல்லை. அது வேறு யாரோ ஒரு பிள்ளை. கீழே, 'ஐந்து வயதுச் சிறுமி, இப்போது திட உணவு உண்கிறாள்' என்று போட்டிருந்தது.

அன்று காலையில்தான் கிளிக்குக் குழாய் விட்டிருந்தாள். இருப்பதிலேயே சின்னக் குழாய்தான் இறங்கியது.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. நிமிர்த்தி வைக்காமலே போனாள்.

பெரிய டாக்டர் அறையில் இருந்தார். "உட்காரும்மா" என்றார்.

"பரவால்ல சார். ரெண்டாவது எக்ஸ்ரே யாரோடது?"

"எது?"

"கிளியோட படத்துக்குப் பக்கத்துல போட்டிருக்கீங்களே, அது."

"எந்தக் கிளி?"

அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. இரண்டு வருஷமாக அவருடைய வார்டில் படுத்து எழுந்து போகும் பிள்ளை. "உங்க பேப்பர்ல திட உணவு சாப்பிடுற பொண்ணு சார். மேல வார்டுல எச்சில் துப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. வேணும்னா வந்து பாருங்க."

"அச்சுல படம் மாறியிருக்கும்மா. அதெல்லாம் நடக்கிறதுதான்."

"படம் மாறும் சார். கணக்கும் மாறுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழாய் விட்டா விழுங்குறாங்களா இல்லையா? அப்ப அதைக் குணம்னு எடுத்துக்கலாம். எல்லாம் பாக்கிற விதம்தான். மருந்து வேலை செய்யலைன்னு எழுதினா எவன்மா போடுவான்? உனக்கும் ஒரு பேப்பர் தேவை, பையனுக்கும் ஒண்ணு தேவை. எல்லாருக்கும் நல்லதுதானே பண்ணியிருக்கேன்?"

"எனக்கு அந்த நல்லது வேணாம். என் பேரை எடுத்துடுங்க."

அவர் சிரித்துவிட்டார். "பேரைப் போடுங்கன்னு அழுதுக்கிட்டு வந்தவங்களைப் பாத்திருக்கேன். எடுங்கன்னு வந்தது நீதான். பேப்பர் இல்லாம பரீட்சை எழுத முடியாது, தெரியுமில்ல?"

"அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்."

"அடுத்த வருஷமும் இந்த நாற்காலியில நான்தாம்மா இருப்பேன்" என்றார், அதே இனிமையான குரலில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். புது வீட்டில் அவளுக்கென்று ஓர் அறையை ஒழித்து, மேஜை வாங்கிப் போட்டிருந்தார் வீட்டுக்காரர். அதைப் பார்த்ததும் சொல்லாமலே திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். ஆனாலும் சொன்னாள்.

"சரி, தப்புதான். பண்ணினது அவங்க. நீ ஏன்மா தலையைக் குடுக்கிற?" என்றார் அவர்.

"என் பேரு அதுல இருக்குங்க. அந்தப் பொய்யை நானும் சேர்ந்து சொன்ன மாதிரி."

"பரீட்சையை எழுதிட்டு அப்புறம் சொல்லேன். பாஸாகிட்டு சண்டை போடு."

"பரீட்சை எழுத அந்தப் பேப்பரைத்தானே காட்டணும்? அதைக் காட்டிப் பாஸாகிட்டு, அப்புறம் அது பொய்னு எந்த வாயால சொல்வேன்?"

"அப்ப நான்? இன்னும் ஒரு வருஷம் இப்படியே பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் நடந்துக்கிட்டு இருக்கணுமா? நீ முடிவு பண்ணிட்டு வந்து என்கிட்ட தகவல் சொல்ற. கேக்கலை."

அதில் நியாயம் இருந்தது. இருந்ததால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. "உங்க இஷ்டம்னு என்னால இருக்க முடியாது" என்று கத்தினாள். அவர் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். வெயிலில் சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு, தொப்பலாக நனைந்து வந்தவர், வாசலில் நின்றபடி கேட்டார்.

"பத்திரிகைக்கு எழுதப் போறியா?"

"ஆமா."

"எழுது. ஆனா என்னைச் சந்தோஷமா இருக்கச் சொல்லாத."

அவள் எழுதினாள். என்னென்ன மாறியிருக்கிறது என்று விவரமாக எழுதி, தன் பெயரை நீக்கும்படியும், கட்டுரையையே திரும்பப் பெறும்படியும் கேட்டாள். வெகுநாள் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் புகாரை விசாரணைக்காகத் தங்கள் துறைத் தலைவருக்கு அனுப்பியிருக்கிறோம்.' படித்துவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த நர்ஸ் பயந்துபோனாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று பேர் குழு அமைத்தார்கள். மூவரும் பெரிய டாக்டரோடு சாயங்காலம் பூப்பந்து விளையாடுகிறவர்கள். எண்களில் தட்டச்சுப் பிழைகள் உள்ளன, முடிவு பாதிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். கட்டுரை அப்படியே நிலைத்தது. அவள் பெயர் மட்டும், 'அவருடைய வேண்டுகோளின்படி' என்ற ஒற்றை வரியோடு போனது. சின்னவருக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. நெட்டை பரீட்சை எழுதப் போனான். அவள் போகவில்லை.

பிறகு நடந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். தியேட்டர் அட்டவணையில் அவள் பெயர் இல்லாமல் போனது. காயத்துக்குக் கட்டுப் போடும் அறையில் உட்கார வைத்தார்கள். ஓய்வறையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. கிளிக்குக் குழாய் விடும் வேலை நெட்டைக்குப் போனது. பரீட்சை முடிந்தும் அவன் அங்கேயே வேலையில் இருந்தான்.

"நெட்டை டாக்டர் வேகமா விடுறாரு. வலிக்குது" என்றாள் கிளி, வராந்தாவில் அவளைப் பிடித்து நிறுத்தி. "நீங்க ஏன் வர்றதில்ல? நான் ரொம்பப் பேசுறேன்னா?"

கடுகு அன்றே நெட்டையைப் படிக்கட்டில் வழிமறித்தாள். "உனக்கு என்கூடப் பேசப் பயமா இருந்தா பேசாத. அந்தப் பிள்ளைக்கு மெதுவா விடு. கிழிச்சேன்னு வை, பெரிய டாக்டர் உன்னைக் காப்பாத்துவார். நான் விடமாட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த முறையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு அவளையே கூப்பிட ஆரம்பித்தான். அட்டவணையில் அவன் பெயர், கை அவளுடையது. அதுவும் ஒரு பொய்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொய்யைச் சகித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் ஒரு போன். வேறோர் ஊரிலிருந்து ஒரு பயிற்சி டாக்டர், குரலை வைத்துப் பார்த்தால் சின்னப் பெண். "மேடம், அந்த மருந்துப் பேப்பர்ல உங்க பேரு இருந்துச்சு. இப்ப காணோம். எங்க கிட்ட பழைய பிரதி இருந்ததால நம்பரைத் தேடிப் பிடிச்சேன். நாங்களும் அதைக் கொடுத்தோம். குழந்தைக்குக் காய்ச்சல் நிக்கவே இல்ல. எத்தனை நாளைக்குக் கொடுக்கணும்?"

"நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க."

"ஆனா பேப்பர்ல..."

"பேப்பர்ல இருக்கிறது பொய்ம்மா."

சில நாள் கழித்து அதே பெண் கூப்பிட்டு, குழந்தை போய்விட்டதாகச் சொன்னாள். அழவில்லை, தகவல்போலச் சொன்னாள். அது மருந்தால்தான் என்று கடுகால் சொல்ல முடியாது. மருந்தால் இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பெயரை எடுத்துவிட்டால் கை கழுவியாகிவிட்டது என்று நினைத்திருந்தாள். பெயர்தான் போயிருந்தது. அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிள்ளைகள் அந்தக் கட்டுரைக்குள் அப்படியே கிடந்தார்கள், எல்லோரும் குணமானவர்களாக.

குழந்தைகள் அறுவை மருத்துவர்களின் ஆண்டுக் கூட்டம் அந்த வருஷம் அவர்கள் நகரத்திலேயே நடந்தது. சின்னவர் வந்து அந்தக் கட்டுரையைப் படித்தார். கோட்டு, சூட்டு, பெரிய திரை, திரை முழுக்கக் கிளியின் நெஞ்சு. முன்வரிசையில் பெரிய டாக்டர். படித்து முடித்ததும் கைதட்டினார்கள். கேள்விகள் உண்டா என்றார் மேடையில் இருந்த தலைவர். கடுகு பின்வரிசையிலிருந்து எழுந்தாள். குள்ளமானதால் எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. நாற்காலிமேல் ஏறி நிற்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். பிறகு நடுவழியில் நடந்து மைக் அருகே போய் நின்றாள்.

"திரையில இருக்கிற பொண்ணு இப்ப என்ன சாப்பிடுறா?"

சின்னவர் சிரித்தார். "திட உணவு. சொன்னேனே."

"என்ன திட உணவு?"

"அது... சாதாரணமா எல்லாரும் சாப்பிடுறதுதான்."

"நீங்க அவளைப் பாத்திருக்கீங்களா?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அரங்கம் அப்போதுதான் கவனிக்க ஆரம்பித்தது.

"நான் பாத்தேன். இந்த வாரம் பாத்தேன். கஞ்சித் தண்ணியை ஸ்பூன்ல விட்டா பாதி வெளிய வருது. அந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காறை எலும்பைப் பாருங்க. எல்லாரும் டாக்டருங்கதானே? பாருங்க. ஒண்ணுல புடைப்பு இருக்கு, இன்னொண்ணுல இல்ல. இது ரெண்டு பிள்ளைங்க."

"நேரம் முடிஞ்சிடுச்சு" என்றார் மேடைத் தலைவர்.

"உட்காரும்மா" என்றார் பெரிய டாக்டர், திரும்பிப் பார்க்காமலே. அந்த 'ம்மா' அவள் முதுகில் ஊர்ந்தது.

"உட்கார மாட்டேன் சார். இந்தக் கணக்கை எடுத்தவ நான். இந்த மருந்து வேலை செய்யல. வேலை செய்யலைன்னு எழுதிக் குடுத்தேன். செய்யுதுன்னு மாத்திட்டாங்க. இதை நம்பி மருந்து குடுத்த ஊர்ல ஒரு குழந்தை இப்ப இல்ல. நீங்க எல்லாரும் திரும்பிப்போய் எத்தனை பேருக்குக் குடுக்கப் போறீங்க?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. கடைசிவரை சொல்லிவிட்டுத்தான் நடந்தாள். யாரும் கைதட்டவில்லை. யாரும் எழுந்து அவள் பக்கம் நிற்கவில்லை. டீ இடைவேளையில் அவளைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. டீயைக் குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் வெளியே போகும் வழியில் மூன்று நான்கு இளம் டாக்டர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். முதலில் வந்தவள், "நான்தான் மேடம் போன் பண்ணினேன்" என்றாள். அவர்கள் ஊர்களிலும் அந்த மருந்தை வாங்கிய பிள்ளைகள், வாங்காத பிள்ளைகள் இருந்தார்கள். "எங்க கணக்கையும் சேர்த்துக்குங்க" என்றார்கள்.

சேர்த்தார்கள். எல்லாவற்றையும் அடியிலிருந்து திரும்ப எண்ணினார்கள். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் சரிபார்த்தார். வேலை செய்த ஒவ்வொருவர் பெயரும் இருந்தது, வேலை செய்யாத ஒருவர் பெயரும் இல்லை. பெரிய பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஒரு மெல்லிய பத்திரிகை வெளியிட்டது. பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. அடுத்த வருஷம் பெரிய டாக்டர் அதே நாற்காலியில்தான் இருந்தார், ஆனால் விதி அவருக்கும் விதிதான். பேப்பர் இருந்தது, தடுக்க முடியவில்லை. அவள் பரீட்சை எழுதினாள். வாய்மொழித் தேர்வில் அவளை வாட்டி எடுத்தார்கள். மயிரிழையில் தேறினாள்.

கிளியை அவளே வேறொரு நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், குடலின் ஒரு பகுதியை எடுத்துப் புது உணவுக்குழாயாக வைக்கும் பெரிய ஆபரேஷனுக்குச் சேர்த்தாள். இரண்டு தடவை திறக்கவேண்டி வந்தது. பிழைத்துக்கொண்டாள். மெதுவாக, நன்றாக மென்று, இப்போது சாப்பிடுகிறாள். சாப்பிடும்போது பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், கேட்பதில்லை என்கிறாள் அம்மா.

பெரிய டாக்டர் மரியாதையோடு ஓய்வு பெற்றார். ஆளுயரப் படம் திறந்தார்கள். சின்னவர் ஆராய்ச்சி நிலையத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறார். அந்தக் கட்டுரையை இன்னும் திரும்பப் பெறவில்லை. 'இதன் தரவுகள் குறித்துச் சில ஐயங்கள் எழுப்பப்பட்டுள்ளன' என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள், அதுவும் அவள் விடாமல் எழுதி எழுதி வாங்கியது.

கடுகு இப்போது வீட்டுக்காரரின் ஊரில், அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அங்கே யாருக்கும் அவளுடைய பட்டப்பெயர் தெரியாது, புதிதாக ஒன்று வைத்திருப்பார்கள், அது அவளுக்குத் தெரியாது. போன ஞாயிறும் அந்தப் பத்திரிகைக்கு ஒரு மின்னஞ்சல் அடித்துக்கொண்டிருந்தாள். விசைகள் உடைகிற மாதிரி தட்டுவதைக் கேட்டு அவர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பத்திரிகைக்கா?"

"வேற யாருக்கு? இந்த மாசம் வேறொருத்தன் அந்தப் பேப்பரை மேற்கோள் காட்டியிருக்கான். அவனுக்கும் ஒண்ணு எழுதணும்."

"அவங்க பதில் போடமாட்டாங்கம்மா."

"போடாட்டா போகட்டும். அடுத்த மாசமும் எழுதுவேன்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "'தயவுசெய்து'ன்னு ஆரம்பிச்சிருந்தேன். இப்ப அதை எடுத்துட்டேன்."